கேலரியில் விழுந்தது யாருக்குச் சொந்தம்? பேஸ்பால் ரசிகர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலைப் புதிதாகப் பார்க்கும் நம்மவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: பந்து கேலரிக்குப் போனால் ஏன் திரும்பி வருவதே இல்லை? கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய அதிசயம். அதற்குப் பதில் சொன்னால் அடுத்தடுத்த கேள்விகள் வருகின்றன. பேட் பறந்து வந்தால்? வீரரின் கையுறை விழுந்தால்? கோடிக்கணக்கில் விலைபோகும் பந்தை அணி நிர்வாகம் திருப்பிக் கேட்டால்? இப்படி வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எடுத்துக்கொள்கிறேன்.

பந்து கேலரிக்கு வந்தால் ரசிகரே வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மேஜர் லீகின் 30 அணிகளிடமும் இதுதான் நடைமுறை. ஹோம் ரன்னாக (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல எல்லையைத் தாண்டும் அடி) பறந்து வந்தாலும், ஃபவுலாகி (ஆட்டக் கோட்டுக்கு வெளியே பக்கவாட்டில் போய்) எகிறி வந்தாலும், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின்போது வந்தாலும், பிடித்தவருக்கே பந்து. இன்னிங்ஸ் முடிந்து டக்அவுட்டுக்கு (வீரர்கள் உட்காரும் இடம்) திரும்பும் வீரர்கள் கையிலிருக்கும் பந்தைக் கூட்டத்தை நோக்கி வீசுவார்கள். அது நேரடியான அன்பளிப்பு. தரையில் குதித்து வேலியைத் தாண்டி உள்ளே விழும் பந்துக்கும் இதே கணக்கு. அடித்தவருக்கு இரண்டு பேஸ் (ஓடிக் கடக்க வேண்டிய நிலைகள்), எடுத்தவருக்குப் பந்து.

பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் இப்படி எதிர்பார்க்கக் கூடாது. அங்கே பந்துகள் எண்ணி வாங்கப்பட்டவை. ஃபவுல் பந்து கைக்கு வந்தால் திருப்பிக் கொடுப்பதே மரியாதை.

இந்த உரிமை ஆரம்பத்திலிருந்தே இருந்ததா?

இல்லை. ரசிகர்கள் சண்டை போட்டு வாங்கிய உரிமை இது. நூறு வருடங்களுக்கு முன்பு பந்து கேலரிக்கு வந்தால் காவலாளி வந்து நிற்பார், கொடுத்துவிட வேண்டும். 1916இல் சிகாகோ கப்ஸ் அணியின் உரிமையாளர் சார்லஸ் வீக்மன்தான் முதலில் "வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுமதித்தார். பந்துக்காக ரசிகர்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டுவதைவிட இது லாபம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மற்ற உரிமையாளர்கள் அசையவில்லை.

1921 மே மாதம் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ரூபன் பெர்மன் என்ற ரசிகர் ஒரு ஃபவுல் பந்தைப் பிடித்தார். ஊழியர்கள் வந்து கேட்டதும் அவர்களிடம் தராமல் கூட்டத்துக்குள் தூக்கி எறிந்துவிட்டார். அவரை வெளியேற்றினார்கள். பெர்மன் சும்மா விடவில்லை. பலர் முன்னிலையில் அவமானப்படுத்தியதாக, அங்கே ஆடிய ஜயன்ட்ஸ் அணி மீது வழக்குப் போட்டார். கோர்ட் அவருக்கு 100 டாலர் இழப்பீடு கொடுத்தது. தொகை சின்னதுதான். ஆனால் பந்துக்காக ஒரு ரசிகர் மீது கைவைத்தால் கோர்ட் ஏறவேண்டி வரும் என்பது அணி முதலாளிகளுக்குப் புரிந்தது. அதே காலகட்டத்தில் பிலடெல்பியாவில் பந்தைக் கொடுக்க மறுத்த பதினொரு வயதுப் பையனைத் திருட்டுக் குற்றம் சாட்டி ஒரு ராத்திரி அடைத்தே வைத்தார்கள். மறுநாள் நீதிபதி விடுவித்துவிட்டார்: கைக்கு வந்த பந்தை வைத்துக்கொள்ள ஆசைப்படுவது எந்தப் பையனுக்கும் இயல்பு என்பது அவர் கருத்து.

இதற்கு இன்னொரு காரணமும் துணைநின்றது. 1920 ஆகஸ்டில் கிளீவ்லேண்ட் வீரர் ரே சாப்மன் தலையில் பந்து தாக்கி இறந்துபோனார். மாலை மங்கலில் அழுக்கேறிய பந்து அவர் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை என்று பேசப்பட்டது. அதன் பிறகு அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றுவது வழக்கமாயிற்று. முன்பு ஒரே பந்தை வைத்து முடிந்தவரை ஓட்டிவந்த ஆட்டம் நிறையப் பந்துகளைச் செலவழிக்கத் தொடங்கியது. இன்று ஒரே ஆட்டத்தில் பந்துகள் நூறைத் தாண்டுவது சாதாரணம். தினமும் இத்தனை பந்து செலவாகும் இடத்தில் கேலரிக்குப் போன ஒன்றைத் துரத்திப் பிடிப்பதில் அர்த்தமில்லை அல்லவா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மட்டும் நிலைமை கொஞ்சம் மாறியது. ராணுவ முகாம்களுக்கு அனுப்புவதற்காகப் பந்துகளைத் திருப்பித் தாருங்கள் என்று அணிகள் கேட்டன. ரசிகர்களும் மனமுவந்து வீசிக் கொடுத்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பந்து எந்த நொடியில் கைமாறுகிறது?

இதற்குத் தெளிவான பதில் கிடைத்தது ஒரு வழக்கில்தான்: சான்பிரான்சிஸ்கோவின் போபோவ் – ஹயாஷி வழக்கு. நீதிபதி கெவின் மெக்கார்த்தி 2002 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னார். அடிபடும்வரை பந்து மேஜர் லீக் பேஸ்பாலின் சொத்து. பேட்டில் பட்ட நொடியில் அது உரிமையாளர் தெரிந்தே கைவிட்ட பொருளாகிறது. அதன் பிறகு யார் முதலில் தன் வசப்படுத்துகிறாரோ அவருக்கே சொந்தம்.

'தெரிந்தே கைவிட்டது' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேட், கையுறை பற்றிய கேள்விகளுக்கெல்லாம் விடை இதற்குள்தான் இருக்கிறது.

அந்த வழக்கில் அப்படி என்ன நடந்தது?

2001 அக்டோபர் 7. பாரி பாண்ட்ஸ் அந்தப் பருவத்தின் 73ஆவது ஹோம் ரன்னை அடிக்கிறார். ஒரு பருவத்தில் அதற்கு மேல் இன்றுவரை யாரும் அடித்ததில்லை. மூன்று வருடங்களுக்கு முன் மார்க் மெக்வயர் அடித்த 70ஆவது ஹோம் ரன் பந்து சுமார் 30 லட்சம் டாலருக்கு விற்றிருந்ததால், வலது பக்கக் கேலரியில் கையுறையோடு காத்திருந்தவர்கள் ஏராளம்.

பந்து அலெக்ஸ் போபோவின் கையுறையின் மேல் நுனியில், பின்னல் பகுதியில் வந்து இறங்கியது. அவர் எட்டிப் பிடித்த வேகத்தில் சமநிலை இழந்துகொண்டிருந்தபோதே கூட்டம் அவர் மேல் பாய்ந்தது. கீழே விழுந்து பலரின் அடியில் புதைந்துபோனார். அடித்தார்கள், பிடித்து இழுத்தார்கள். பக்கத்திலிருந்த பேட்ரிக் ஹயாஷியும் தள்ளுமுள்ளில் தரையில் விழுந்தார். விழுந்த இடத்தில் பந்து தனியாகக் கிடப்பதைப் பார்த்து எடுத்து, எழுந்து நின்று பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, அங்கே படம் பிடித்துக்கொண்டிருந்த கேமராக்காரரைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, பந்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். கோர்ட்டில் முக்கியச் சாட்சியாக நின்றது இந்தக் காணொளிதான்.

போபோவ் பந்தை முழுசாகப் பிடித்தாரா என்பதைக் காணொளியை வைத்து உறுதிசெய்ய முடியவில்லை. பிடித்து முடிக்க விடாமல் தடுத்தது கூட்டத்தின் அடாவடி. ஆனால் ஹயாஷி அந்த அடாவடியில் சேரவில்லை, அவரும் தள்ளிவிடப்பட்டவர்தான். நீதிபதி இருவரையும் நேர்மையானவர்களாகவே பார்த்தார். பிடிக்கும் முயற்சியைச் சட்டவிரோதமாகத் தடுத்ததால் போபோவுக்கு ஒரு உரிமை உண்டு. குற்றமில்லாமல் எடுத்ததால் ஹயாஷிக்கும் ஒரு உரிமை உண்டு. எனவே பந்தை விற்றுச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னார்.

2003இல் அந்தப் பந்து 4.5 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர், மெக்வயரின் பந்தையும் வாங்கியிருந்த காமிக்ஸ் கலைஞர் டாட் மெக்ஃபார்லேன். வக்கீல் செலவு போக இருவருக்கும் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பது என் எண்ணம். ஆனாலும் இந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது. கேலரியில் பலம் உள்ளவன் பறித்துக்கொள்வது உரிமை ஆகாது என்று அது எழுத்தில் சொல்லிவிட்டது. ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவர் கையை முறுக்கிப் பிடுங்கினால், பந்து உங்கள் பையில் இருந்தாலும் வழக்கு உங்களைத் தேடி வரும்.

2024 செப்டம்பர் 19ஆம் தேதி மயாமியில் ஷோஹெய் ஒட்டானி அடித்த 50ஆவது ஹோம் ரன் பந்துக்கும் இதே மாதிரி சண்டை வந்தது. ஒரே பருவத்தில் 50 ஹோம் ரன், 50 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) என்ற சாதனையை அவருக்கு முன் யாரும் எட்டியதில்லை. பதினெட்டு வயது இளைஞர் ஒருவர், தன் கையிலிருந்து அந்தப் பந்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே ஏலத்துக்கு அனுமதி கிடைத்தது, 43.92 லட்சம் டாலர். அதுவரை எந்தப் பந்தும் இந்த விலைக்குப் போனதில்லை.

சரி, பேட் பறந்து வந்து மடியில் விழுந்தால்?

நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. "கேலரிக்கு வந்தது எல்லாம் நமக்கு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். பந்துக்குச் சொன்ன நியாயம் பேட்டுக்குப் பொருந்தாது.

பந்தை அடிப்பவர் அதைத் தொலைவுக்கு அனுப்பத்தான் அடிக்கிறார். போனது திரும்பாது என்று லீகுக்கும் தெரியும். நூறு வருட வழக்கம் அது. பேட் அப்படி இல்லை. வேகமாகச் சுழற்றும்போது பிடி நழுவிப் போகிறது. யாரும் அதைக் கைவிட நினைக்கவில்லை. கை நழுவிப் போன பொருளின் உரிமை பொதுவான சட்டத்தில் உரியவரிடமேதான் இருக்கும். கண்டெடுத்தவருக்கு மற்றவர்களைவிட உரிமை அதிகம், உரியவரைவிட அல்ல.

பேட் அணியின் பொதுச் சாமானும் அல்ல, அந்த வீரருக்கென்றே செய்தது. ஒரு மேஜர் லீக் பேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும். ஒரே கட்டையில் கடைந்த மேப்பிள் அல்லது ஆஷ் மரம், கிட்டத்தட்ட 34 அங்குல நீளம், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. உருண்டைப் பகுதியில் வீரரின் பெயர் பொறித்திருக்கும். கைப்பிடியில் பைன் மரத் தார் பூசிப் பிசுபிசுவென்று இருக்கும். நழுவாமலிருக்கத்தான் அந்தப் பூச்சு, விதிப்படி அடியிலிருந்து 18 அங்குலத்துக்கு மேல் பூசக் கூடாது. பந்து பட்ட இடங்களில் தையலின் தடம் வரிவரியாகப் பதிந்திருக்கும். நன்றாக அடிபடும் ஒரு பேட்டை வீரர்கள் உயிராகப் பாதுகாப்பார்கள். எடையும் பிடியும் அதேபோல இன்னொன்று அமைவது எளிதல்ல.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், பெரும்பாலும் ஊழியர் ஒருவர் வந்து முதலில் யாருக்காவது அடிபட்டதா என்று பார்ப்பார். வீரருக்கு அந்த பேட் தேவையில்லை என்றால் ரசிகரிடமே விட்டுவிடுவார்கள். அப்படி வீட்டுக்குப் போன பேட்டுகள் நிறைய உண்டு. தேவை என்றால் கேட்பார்கள். பதிலுக்கு வேறொரு பேட்டோ, கையெழுத்துப் போட்ட ஏதாவதோ தருவார்கள். கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்பதே நான் எப்போதும் சொல்வது. அது அவருடைய தொழில் கருவி. அடம்பிடித்து எடுத்துப்போன பேட்டைவிட அவரே தன் பெயரெழுதிக் கொடுத்த பேட் சுவரில் மாட்ட நன்றாகவே இருக்கும்.

உடைந்த பேட்டின் துண்டு என்றால்?

வீரருக்கு அது பயன்படாது. அதனால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் முனை கத்தி போலக் கூராக இருக்கும். பாதுகாப்புக்காக ஊழியர்கள் வாங்கிக்கொண்டால் வாதாட வேண்டாம்.

கையுறை, தொப்பி, ஹெல்மெட்?

இவற்றில் சந்தேகத்துக்கே இடமில்லை, வீரருடையவை. ஃபவுல் பந்தைத் துரத்திக் கேலரிக்குள் தலைகுப்புற விழும் வீரரின் தொப்பி உங்கள் காலடியில் கிடந்தால் எடுத்துக் கொடுங்கள். அவரே வேண்டுமென்று வீசிக் கொடுத்தால் மட்டும் அது உங்களுடையது.

வீரர் அணிந்திருக்கும்போதே கைவைத்தால் என்ன ஆகும் என்பதை 2024 உலகத் தொடரின் (பருவத்தின் இறுதிக் கோப்பைத் தொடர்) நான்காவது ஆட்டம் காட்டியது. அக்டோபர் 29, யாங்கி ஸ்டேடியம், முதல் இன்னிங்ஸ். கிளேபர் டோரஸ் அடித்த ஃபவுல் பந்தை டாட்ஜர்ஸ் வீரர் மூக்கி பெட்ஸ் வலது பக்கச் சுவரோடு ஒட்டி எம்பிப் பிடித்தார். முன்வரிசை ரசிகர் ஒருவர் இரண்டு கையாலும் அவர் கையுறையைப் பிடித்துத் திறந்து பந்தை வெளியே எடுத்தார்; பக்கத்திலிருந்தவர் பெட்ஸின் இன்னொரு கையைப் பற்றினார். அம்பயர் அந்த இடத்திலேயே அவுட் கொடுத்துவிட்டார். இருவரும் வெளியேற்றப்பட்டார்கள், அடுத்த நாள் ஆட்டத்துக்கும் அனுமதி இல்லை. பின்னர் மேஜர் லீக், காலவரையின்றி அவர்களுக்குத் தடை விதித்தது. சொந்த அணிமீது எவ்வளவு பற்று இருந்தாலும் இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஒரு வீரரின் மணிக்கட்டு முறிந்திருக்கலாம்.

சுவரைத் தாண்டிக் கையை நீட்டிப் பிடித்தால்?

சுவர்தான் எல்லைக்கோடு. பந்து கேலரிப் பக்கம் இருந்தால் ரசிகருக்கும் பிடிக்க உரிமை உண்டு. கேலரிக்குள் கையை நீட்டிப் பிடிக்கும் வீரர் தன் பொறுப்பில்தான் அதைச் செய்கிறார். ரசிகரின் கை மைதானப் பக்கம் நீண்டு ஆட்டத்தில் இருக்கும் பந்தைத் தொட்டால் அது குறுக்கீடு. குறுக்கீடு இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று கணித்து அம்பயர் முடிவு சொல்வார், ரசிகரை வெளியேற்றவும் வாய்ப்புண்டு.

விதியை அம்பயர் தவறவிட்டதும் உண்டு. 1996 அக்டோபர் 9ஆம் தேதி யாங்கி ஸ்டேடியத்தில் டெரிக் ஜீட்டர் அடித்த பந்தைப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் சுவருக்கு மேலே கைநீட்டி உள்ளே இழுத்தான். அம்பயர் ரிச் கார்சியா ஹோம் ரன் என்றார். பிறகு மறுஒளிபரப்பைப் பார்த்துவிட்டுக் குறுக்கீடுதான் என்று ஒப்புக்கொண்டார். எதிரணியான பால்டிமோர் அந்த ஆட்டத்தில் தோற்றது.

2003 அக்டோபர் 14 சிகாகோ ரிக்லி ஃபீல்டில் நடந்தது இதைவிட வேதனையானது. கப்ஸ் 3–0 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் ஐந்து அவுட் எடுத்தால் 1945க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடர். சுவரோரம் வந்த ஃபவுல் பந்துக்கு கப்ஸ் வீரர் மொய்செஸ் அலூ எம்பினார். அதே பந்துக்குக் கை நீட்டிய பல ரசிகர்களில் ஒருவரின் விரல் பட்டுப் பந்து தவறியது. பந்து கேலரிப் பக்கம் இருந்ததால் குறுக்கீடு இல்லை என்றார் அம்பயர். விதிப்படி அந்த ரசிகர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் அந்த இன்னிங்ஸிலேயே எதிரணியான மார்லின்ஸ் 8 ரன் எடுத்து ஜெயித்ததும் மொத்த ஊரும் அவர்மேல் பழி போட்டது. பாதுகாவலர்கள் அவரை மறைத்து அழைத்துப்போக வேண்டியதாயிற்று. அந்த இன்னிங்ஸில் கப்ஸ் வீரர்கள் செய்த பிழைகளை எண்ணிப் பார்த்தால், ஒரு சாதாரண ரசிகரை அந்த ஊர் எவ்வளவு அநியாயமாக நடத்தியது என்பது புரியும். 2016இல் கப்ஸ் கோப்பையை வென்ற பிறகு அணி அவருக்கு ஒரு சாம்பியன் மோதிரம் கொடுத்தது. அது செய்ய வேண்டிய காரியம்.

பந்தோ பேட்டோ பட்டுக் காயமானால் யார் பொறுப்பு?

டிக்கெட்டின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். பந்து, பேட் பறந்து வரும் ஆபத்தை ஏற்றுக்கொண்டு உள்ளே வருவதாக அதில் எழுதியிருக்கும். ஆபத்து அதிகமுள்ள பகுதிக்கு வலை போட்டிருந்தால் அணியின் கடமை முடிந்தது என்பதே பெரும்பாலான அமெரிக்க நீதிமன்றங்கள் நூறாண்டுகளாகப் பின்பற்றிவரும் நிலைப்பாடு. நான் இதை ஏற்கவில்லை. பந்து இன்று வரும் வேகத்தில் பின்வரிசைக்காரருக்கே சுதாரிக்க நேரமில்லை.

2015 ஜூனில் பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் உடைந்த பேட் ஒன்று பறந்து ஒரு பெண்ணின் தலையில் பட்டுப் படுகாயம். 2017இல் யாங்கி ஸ்டேடியத்தில் ஒரு சிறுமி. 2019 மே மாதம் ஹூஸ்டனில் இன்னொரு குழந்தை. பந்தை அடித்த ஆல்பர்ட் அல்மோரா அங்கேயே மண்டியிட்டு அழுதார். இப்படி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வலை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது: 2018 பருவத் தொடக்கத்தில் எல்லா மைதானங்களிலும் டக்அவுட்டின் கடைசிவரை, பிறகு அதையும் தாண்டி. வலை வந்ததால் ஃபவுல் பந்து கிடைக்கும் வாய்ப்பு குறைந்துவிட்டது என்று சிலர் குறைப்படுகிறார்கள். ஒரு பந்து போனால் போகட்டும். குழந்தையோடு போகிறவர்கள் வலைக்குப் பின்னாலேயே டிக்கெட் எடுங்கள்.

சாதனைப் பந்து கிடைத்தால் அணி கேட்கும்போது கொடுத்தே ஆகவேண்டுமா?

கட்டாயம் இல்லை. அது உங்கள் சொத்து. அவர்கள் கேட்கலாம், பேரம் பேசலாம், அவ்வளவுதான்.

1961 அக்டோபர் 1ஆம் தேதி ரோஜர் மாரிஸ் அந்தப் பருவத்தின் 61ஆவது ஹோம் ரன் அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தார். பந்தைப் பிடித்த பத்தொன்பது வயது இளைஞர் நேராக மாரிஸிடம் போய் நீட்டினார். மாரிஸ் வாங்கவில்லை, நீயே வைத்துக்கொள், விற்றுக் காசு பார் என்றார். ஒரு உணவக உரிமையாளர் அந்தப் பந்துக்கு 5,000 டாலர் கொடுத்தார்.

2022இல் ஆரன் ஜட்ஜ், மேஜர் லீகின் ஒரு பிரிவான அமெரிக்கன் லீகின் சாதனையாக 62ஆவது ஹோம் ரன்னை அடித்தபோது பிடித்தவருக்கு 30 லட்சம் டாலருக்கு விலை வந்தது. மறுத்துவிட்டு ஏலத்துக்குக் கொண்டுபோனார், 15 லட்சம்தான் கிடைத்தது. 2011இல் ஜீட்டரின் 3000ஆவது ஹிட் (பேஸ் எட்டவைக்கும் அடி) பந்தைப் பிடித்தவரோ விலையே பேசாமல் ஜீட்டரிடம் கொடுத்துவிட்டார். 2015இல் அலெக்ஸ் ரோட்ரிகஸின் 3000ஆவது ஹிட் பந்து, ஆயிரக்கணக்கில் பந்து சேர்த்தவரான சாக் ஹாம்பிளிடம் சிக்கியது. முதலில் தர மறுத்தார். பிறகு ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வழங்கும் தொண்டு நிறுவனத்துக்கு ரோட்ரிகஸின் அணியான யாங்கீஸ் 1.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டதும் கொடுத்தார். என்னைக் கேட்டால் இவ்வளவு நல்ல பேரம் வேறு யாரும் பேசியதில்லை.

ஒரு எச்சரிக்கை. பந்து கிடைத்த பதற்றத்தில் இருக்கும்போதே ஊழியர்கள் தனி அறைக்கு அழைத்துப்போய்ப் பேசுவார்கள். எதற்கும் உடனே சம்மதிக்க வேண்டியதில்லை. கூட வந்தவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள், யோசிக்க அவகாசம் கேளுங்கள். கொடுக்காவிட்டால் அசல் என்று சான்று தரமாட்டோம் என்று சொல்லக்கூடும். அப்போதும் பந்து உங்களுடையதுதான்.

மைதான ஊழியர் கையில் கிடைத்தால்?

ரசிகருக்குள்ள உரிமை அவருக்கு இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். 1976 ஜூலையில் மில்வாக்கியில் ஹாங்க் ஆரன் தன் கடைசியான 755ஆவது ஹோம் ரன்னை அடித்தபோது பந்தை எடுத்தவர் ஒரு மைதானப் பணியாளர். ஆரனிடம் தானே நேரில் கொடுக்க ஆசைப்பட்டார்; நிர்வாகம் விடவில்லை. தர மறுத்ததால் வேலை போனது, பந்தின் விலை என்று 5 டாலர் சம்பளத்தில் பிடித்தார்கள். 1999இல் அவர் அதை 6 லட்சம் டாலருக்கும் மேல் விற்றார்.

வரி கட்ட வேண்டுமா?

விற்றால் லாபத்துக்கு உண்டு. திருப்பிக் கொடுத்தால் இல்லை. 1998இல் மெக்வயரின் 62ஆவது ஹோம் ரன் பந்தைத் திருப்பிக் கொடுப்பவர் அன்பளிப்பு வரி கட்ட வேண்டியிருக்கலாம் என்று வருமானவரித் துறையிலிருந்து ஒரு பேச்சு கிளம்பி நாடே கொதித்தது. துறைத் தலைவரே முன்வந்து அப்படி எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் அடங்கியது.

பக்கத்தில் குழந்தை இருந்தால் கொடுத்துவிட வேண்டுமா?

விதி எதுவும் இல்லை. கொடுத்தால் அழகு. தென்கொரியாவின் பூசான் மைதானத்தில் பெரியவர் யாராவது பந்தைப் பிடித்தால் "பிள்ளைக்குக் கொடு" என்று அந்த ஊர்ப் பேச்சில் கூட்டமே சேர்ந்து குரல் கொடுக்கும். கொடுத்தே ஆகவேண்டும்.

இதற்கு நேர் எதிரானது 2025 செப்டம்பர் 5ஆம் தேதி மயாமியில் நடந்தது. ஹாரிசன் பேடர் அடித்த பந்தை ஓர் அப்பா எடுத்து மகனின் கையுறைக்குள் வைத்தார். தன் பக்கம் விழுந்த பந்து என்று ஒரு பெண் வந்து சத்தம் போட, சண்டை வேண்டாம் என்று அப்பா பந்தைக் கொடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் பேடர் அந்தப் பையனைச் சந்தித்துக் கையெழுத்திட்ட பேட் ஒன்றைக் கொடுத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். இணையத்தில் அந்தப் பெண்ணைத் தேடக் கிளம்பியவர்கள், சம்பந்தமே இல்லாத பெண்களின் பெயரைப் பரப்பி அவர்களைப் படுத்தினார்கள். ஒரு பந்துக்காக யாரையும் இப்படி வேட்டையாடக் கூடாது.

எதிரணியின் ஹோம் ரன் பந்தைச் சிலர் திருப்பி மைதானத்துக்குள் எறிகிறார்களே?

ரிக்லி ஃபீல்டில் வேரூன்றிய வழக்கம், இப்போது பல ஊர்களில் உண்டு. சுற்றி இருப்பவர்கள் "எறி, எறி" என்று கத்தினாலும் எறிந்தே ஆகவேண்டும் என்றில்லை.

கிரிக்கெட்டில் மட்டும் ஏன் திருப்பிக் கொடுக்கிறோம்?

கிரிக்கெட்டில் பந்தின் தேய்மானமே ஆட்டத்தின் ஒரு பகுதி. டெஸ்டில் 80 ஓவர்வரை அதே பந்து. ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் ஆக்கித்தான் பந்தை ஸ்விங் செய்கிறார்கள், பழசானால் சுழல் பந்துவீச்சுக்கும் உதவும். சேப்பாக்கத்தில் கேலரிக்கு வந்த பந்து திரும்பாவிட்டால் பந்துவீசும் அணியின் உழைப்பே போச்சு. பேஸ்பாலிலோ மண்ணில் உரசிய பந்தையே அம்பயர் ஒதுக்கிவிடுவார். கீறல் விழுந்த பந்து காற்றில் தாறுமாறாக விலகும், அடிப்பவருக்கு ஆபத்து.

எனக்குக் கிடைத்த பந்து அசல் என்று எப்படிக் காட்டுவது?

மேஜர் லீகுக்கு 2001 முதல் ஒரு சான்றளிப்பு முறை இருக்கிறது. காவல்துறை அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் உட்கார்ந்து கவனித்து, பொருளின்மேல் எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டுவார்கள். ஆனால் அவர்கள் கண்ணை விட்டு விலகாத பொருளுக்குத்தான் ஒட்டுவார்கள். கூட்டத்துக்குள் போன சாதாரணப் பந்துக்குக் கிடைக்காது. பெரிய சாதனை நெருங்கும்போது மட்டும் ரகசியக் குறியிட்ட பந்துகளை இறக்குவார்கள். அப்போது கேலரியில் கிடைத்தாலும் அடையாளம் காண முடியும்.

மற்றபடி நீங்களே ஆதாரம் சேர்க்க வேண்டியதுதான். டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். இருக்கை எண் தெரியும்படி பந்தோடு ஒரு படம், ஸ்கோர்போர்டு தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பிடித்த காட்சி ஒளிபரப்பில் வந்திருந்தால் சேமித்து வையுங்கள். முக்கியமாக, பந்தைக் கழுவவோ துடைக்கவோ வேண்டாம். புதுப் பந்தின் வழுவழுப்புப் போக, டெலவேர் ஆற்றுப் பக்கம் எடுக்கும் சேற்றை ஆட்டத்துக்கு முன்பே தேய்த்திருப்பார்கள். அந்த மங்கல் பழுப்பும், பேட் பட்ட கருந்தடமும் கடையில் வாங்கிய பந்தில் இருக்காது. வெயில் படாத இடத்தில், கையெழுத்து வாங்கியிருந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள்.